எஞ்சின் விளக்கு சொன்ன பாடம்

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். வீட்டிலிருந்து பள்ளிக்கு 26 கிலோமீட்டர். சக ஆசிரியர்கள் இருவரும் நானும் என் காரில் சேர்ந்து போய் வருகிறோம். 2014இல் தயாரான பெட்ரோல் கார். பழைய காராகத்தான் வாங்கினேன். காலாண்டுத் தேர்வு நடந்த வாரத்தில் ஒருநாள் காலை, டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி வழக்கம்போலத்தான் ஓடியது. சிக்னலில் நிற்கும்போது மட்டும் லேசாக நடுங்கியது.

ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். கையடக்கக் கருவி ஒன்றைச் செருகிப் பார்த்தவர், "ஆக்சிஜன் சென்சார் போயிருச்சு மேடம், மாத்திடலாம்" என்றார். 4,200 ரூபாய் செலவானது. விளக்கும் அணைந்தது. பதினோராம் நாள் மீண்டும் எரிந்தது. "இன்னொரு சென்சாரும் போயிருக்கும்" என்று தொலைபேசியில் பதில் வந்தது.

அதே வாரத்தில்தான் பத்தாம் வகுப்பின் காலாண்டு மதிப்பெண்களைத் தொகுத்தேன். அறிவியலில் 35க்குக் கீழே எடுத்தவர்களின் பட்டியலில், கடைசி பெஞ்சில் அமரும் ஒரு மாணவனின் பெயருக்கு நேராக 19 என்று எழுதி, பக்கத்தில் "மெல்லக் கற்பவர்" என்று குறித்தேன். மாலை நேரச் சிறப்பு வகுப்பில் குறுவினா விடைகளை மனப்பாடம் செய்யும் குழுவில் அவனைச் சேர்த்தேன்.

காரின் விளக்கை நானே புரிந்துகொள்ளலாம் என்று ஆயிரம் ரூபாய்க்கும் குறைவான ப்ளூடூத் ஓபிடி கருவி ஒன்றை வாங்கினேன். அதைப் பள்ளிக்கும் எடுத்துச் சென்றேன். ஒரு பாடவேளைக்காகத் திட்டமிட்டது மூன்று பாடவேளைகளாக நீண்டது. ஆசிரியர் நண்பர்கள் தங்கள் பள்ளியில் செய்து பார்க்க உதவும் என்பதால் அந்த அனுபவத்தைப் படிப்படியாக எழுதுகிறேன்.

காருக்குள் ஒரு கண்காணிப்பாளர்

ஓபிடி என்பது வாகனம் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் அமைப்பு. இது பிறந்ததற்குக் காரணம் காற்று மாசு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரைப் பல ஆண்டுகள் கண்ணெரிச்சல் தரும் புகைமூட்டம் சூழ்ந்திருந்தது. வாகனப் புகையிலுள்ள ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிவதால்தான் அது உண்டாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் ஆரி ஹாகன்ஸ்மிட் என்னும் வேதியியலாளர் காட்டினார். புதிய கார் குறைவாகப் புகை விட்டால் மட்டும் போதாது. பழசான பிறகும் அப்படியே இருக்கிறதா என்று யார் பார்ப்பது? அந்த வேலையைக் காரிடமே ஒப்படைத்தார்கள். கலிஃபோர்னியாவில் 1988 மாடல் கார்கள் முதல் தொடக்கநிலை ஓபிடி வந்தது. 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட எல்லாக் கார்களிலும் ஓபிடி 2 என்ற பொதுத் தரம் கட்டாயமானது. இந்தியாவில் பாரத் நிலை 4 கார்களுக்கு 2010இல் முதல் கட்ட ஓபிடியும், 2013 ஏப்ரலில் ஓபிடி 2 தரமும் வந்தன. ஆகவே அண்மைக் காலக் கார் எதுவானாலும் இந்தப் பாடத்துக்குப் பயன்படும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் அருகே 16 பின்கள் கொண்ட ஒரு செருகுவாய் இருக்கும். 16ஆம் பின்னில் பேட்டரியின் நேர்மின் முனை. 4, 5 ஆகிய பின்கள் தரை இணைப்பு. மற்ற சில பின்கள் வழியாகக் கணினியிடமிருந்து தகவல் வருகிறது. கருவியை அதில் செருகினால் கைப்பேசிச் செயலியில் அளவீடுகளைப் பார்க்கலாம்.

குறியீட்டை எப்படிப் படிப்பது?

என் காரில் பதிவாகியிருந்த குறியீடு பி0171. இதைக் கரும்பலகையில் எழுதிப் பிரித்தோம். முதல் எழுத்து, பழுது எஞ்சின் அல்லது கியர் அமைப்பைச் சேர்ந்தது என்கிறது. அடுத்த 0, இது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு என்று பொருள். அந்த இடத்தில் 1 இருந்தால் பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்கே உரியது. மூன்றாவதாக உள்ள 1, காற்றும் எரிபொருளும் கலக்கும் பகுதியைக் குறிக்கிறது. 3 இருந்தால் தீப்பொறி, எரியாமை தொடர்பானது. 4 இருந்தால் புகைக் கட்டுப்பாடு தொடர்பானது. கடைசி இரண்டு இலக்கங்கள் குறிப்பிட்ட பழுதைச் சொல்கின்றன.

பி0171இன் பொருள்: கலவையில் எரிபொருள் குறைவு, காற்று அதிகம். அவ்வளவுதான். ஆக்சிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று அதில் எங்கும் இல்லை. பெட்ரோல் சரியாக எரிய, எடை அளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். ஆக்டேனை எடுத்துக்கொண்டு சமன்பாட்டை எழுதி மோல் கணக்குப் போட்டால் சுமார் 15 வரும். மாணவர்களைப் போடச் சொல்லலாம். பெட்ரோல் பல ஹைட்ரோகார்பன்களின் கலவை என்பதால் 14.7. எரிந்த புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளந்து சொல்வது ஆக்சிஜன் சென்சாரின் வேலை. பொதுவாகக் கலவையில் காற்று மிகுந்தால் 0.1 வோல்ட் அளவிலும், பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட் அளவிலும் அது சமிக்ஞை தரும். என் காரின் சென்சார் தன் வேலையைச் செய்து "காற்று அதிகம்" என்று சொல்லியிருக்கிறது. சொன்னவனையே மாற்றிவிட்டு 4,200 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

இதைக் கேட்டு வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

வேப்பமரத்தடியில் ஒரு பாடவேளை

தலைமை ஆசிரியரின் அனுமதியுடன் காரை மைதானத்து வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். ஓட்டுநர் இருக்கையில் நான் மட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, கியர் நியூட்ரலில். மாணவர்கள் ஐந்து குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அளவீடு. எஞ்சின் ஓடும்போது பானட்டின் அருகே யாரும் போகக் கூடாது என்று சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தோம்.

எஞ்சின் ஓடாதபோது பேட்டரி மின்னழுத்தம் 12.5 வோல்ட். ஸ்டார்ட் செய்ததும் 14.1. ஏன் கூடியது? ஆல்டர்னேட்டர் மின்சாரம் தந்து பேட்டரியை மின்னேற்றுகிறது என்பதை அவர்களே சொன்னார்கள்.

கூலன்ட் வெப்பநிலை தொடக்கத்தில் 42 டிகிரி. ஒரு குழு ஒவ்வொரு அரை நிமிடமும் குறித்து வரைபடத் தாளில் புள்ளி வைத்தது. கோடு ஏறி, 88ஐ நெருங்கியதும் தட்டையானது. அந்த இடத்தில் தெர்மோஸ்டாட் வால்வு திறந்து, சூடான நீர் ரேடியேட்டருக்குப் போகத் தொடங்குகிறது. எஞ்சினுக்குள் உண்மையில் தெர்மாமீட்டர் இல்லை. வெப்பம் கூடக்கூட மின்தடை குறையும் ஒரு தெர்மிஸ்டர்தான் இருக்கிறது. குளிர்ந்த நிலையில் சில ஆயிரம் ஓம். சூடானபின் சில நூறு ஓம். அதன் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தை அளந்து கணினி வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. மின்னோட்டவியல் பாடத்தில் மின்தடைகளின் தொடரிணைப்பை நடத்தும்போது இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

எண் எப்படித் தகவலாகிறது?

செயலி காட்டும் எண்ணை அப்படியே நம்புவதைவிட, அது எப்படி வந்தது என்று பார்ப்பது நல்லது. நேரடியாகக் கட்டளை அனுப்பும் வசதியுள்ள செயலியில் 010சி என்று அனுப்பினோம். 01 என்றால் "இப்போதைய அளவீடு வேண்டும்". 0சி என்றால் "எஞ்சின் சுழற்சி வேகம்". வந்த விடை: 41 0சி 0சி 80. முதல் இரண்டும் "நீ கேட்டதற்கான விடை இது" என்பதற்கான அடையாளம். கடைசி இரண்டும் பதினாறு நிலை எண்கள். 0சி என்பது 12; 80 என்பது 8 × 16 = 128. வாய்பாடு: முதல் எண்ணை 256ஆல் பெருக்கி, இரண்டாம் எண்ணைக் கூட்டி, 4ஆல் வகுக்க வேண்டும். 12 × 256 + 128 = 3,200. அதை 4ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 800 சுற்றுகள். கூலன்ட் வெப்பநிலைக்கு வந்த எண்ணிலிருந்து 40ஐக் கழித்தால் போதும். 7பி என்று வந்தால் 7 × 16 + 11 = 123; கழித்தால் 83 டிகிரி. 40ஐ ஏன் கழிக்க வேண்டும்? உறைபனி நாடுகளில் பூஜ்ஜியத்துக்குக் கீழுள்ள வெப்பநிலையையும் குறைஎண் இல்லாமல் அனுப்புவதற்காக. இந்தக் கேள்விக்கு ஒரு மாணவி தானாக விடை கண்டுபிடித்தார்.

ஓட்டை எங்கே?

அடுத்து, பழுது பதிவான நொடியில் கார் எந்த நிலையில் இருந்தது என்ற சேமிப்பைத் திறந்தோம். குறியீட்டுடன் சேர்த்துக் கணினி இதையும் எழுதி வைக்கிறது. வேகம் 0. சுழற்சி 780. கூலன்ட் 90 டிகிரி. அதாவது எஞ்சின் நன்றாகச் சூடாகி, வண்டி நின்றுகொண்டிருந்தபோது பழுது பதிவாகியிருக்கிறது.

பிறகு எரிபொருள் திருத்தம் என்ற அளவீட்டைப் பார்த்தோம். கலவை சரியில்லை என்றால் கணினி பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்கிறது. எத்தனை விழுக்காடு என்பதே இந்த எண். குறுகிய காலத் திருத்தம், நீண்ட காலத் திருத்தம் என்று இரண்டு உண்டு. இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் கூட்டுத்தொகை பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். என் காரில் ஐடிலிங்கில் 20 விழுக்காடு கூடுதல். ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதித்து 2,500 சுற்றுகளில் வைத்தேன். 5 விழுக்காடாகக் குறைந்தது.

குழுத் தலைவர்கள் எண்களைக் குறித்துக்கொண்டார்கள். நானும் அடுத்த அளவீட்டுக்குப் போகப் பார்த்தேன். அப்போது கோட்டுக்கு வெளியே நின்ற அந்தக் கடைசி பெஞ்சு மாணவன் சொன்னான்: "டீச்சர், சும்மா நிக்கும்போதுதான் அதிகமா இருக்கு. ரேஸ் பண்ணா குறையுது. காத்து இழுக்குற ஓட்டை எங்கயோ இருக்கு."

"எப்படிச் சொல்ற?" என்றேன்.

"ஓட்டை அதே சைஸ்தானே டீச்சர். எஞ்சின் கொஞ்சமா மூச்சு இழுக்கும்போது அது பெருசாத் தெரியும். நெறைய இழுக்கும்போது தெரியாது."

அவன் சொன்னதைக் கரும்பலகையில் கணக்காக்கினோம். என் காரில் உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார் இருக்கிறது. ஐடிலிங்கில் அது நொடிக்கு 2 கிராம் காட்டியது. 2,500 சுற்றுகளில் 8 கிராம். சென்சாரைத் தாண்டிய பிறகு ஏதோ ஒரு குழாயில் விரிசல் இருந்து, நொடிக்கு 0.4 கிராம் காற்று கணக்கில் வராமல் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 கிராமில் 0.4 என்பது 20 விழுக்காடு. 8 கிராமில் அதே 0.4 என்பது 5 விழுக்காடு. மாறாக, பெட்ரோல் பம்பு வலுவிழந்திருந்தால் வேகம் கூடக்கூடப் பற்றாக்குறையும் கூட வேண்டும். இங்கே நேர்மாறாக இருக்கிறது. விகிதம் என்ற ஒரு கருத்தை வைத்துக்கொண்டு, பானட்டைத் திறக்காமலே பழுதின் வகையைச் சொல்லிவிட்டான்.

அவனுடைய தாய்மாமா ஊரில் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். விடுமுறை நாள்களில் அங்கே போய் நிற்பான் என்பது எனக்குத் தெரியும். "படிக்கிற பையனுக்கு அங்கே என்ன வேலை?" என்று பெற்றோர் கூட்டத்தில் நானே சொல்லியிருக்கிறேன்.

அன்று மாலை அவன் மாமாவிடமே காரைக் கொண்டுபோனேன். எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்துப் பார்த்தார். ஒன்றை அழுத்தியதும் நடுக்கம் நின்றது. எஞ்சினின் அடிப்பகுதி ஆவியை மீண்டும் உள்ளே இழுக்கும் குழாய் அது; வளைவில் வெடித்திருந்தது. புதிய குழாய் 180 ரூபாய்.

அணைக்காமல் விட்ட விளக்கு

"விளக்கை அழிச்சு விட்டுடவா?" என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். குறியீட்டை அழித்தால், பழுது நேர்ந்த நொடியின் பதிவும் சேர்ந்து அழியும். கணினி செய்துவைத்த சோதனைகளின் முடிவுகளும் போய்விடும். முதல் பட்டறையில் நடந்தது அதுதான். அழித்த பின் சில நாள் விளக்கு எரியாமல் இருப்பதைப் பழுது நீங்கியதாக எண்ணி ஏமாறுகிறோம்.

கணினிக்கென்று ஒரு நிதானம் இருக்கிறது. இவ்வகைப் பழுதுகளை ஒருமுறை கண்டதும் அது விளக்கை எரிய விடுவதில்லை. நிலுவையில் குறித்து வைக்கிறது. அடுத்த பயணத்திலும் அதே பழுது தெரிந்தால்தான் விளக்கு எரியும். பழுது நீங்கியபின், அடுத்தடுத்து மூன்று பயணங்களில் சோதித்துச் சரியாக இருந்தால் தானே அணைக்கும். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் காத்திருக்கக் கூடாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றியைக் கெடுக்கும் அளவுக்குத் தீவிரம் என்று அதற்குப் பொருள்.

வகுப்புச் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டினோம். தினமும் காலையில் இருவர் வந்து விளக்கைப் பார்த்துக் குறித்தார்கள். எரிகிறது. எரிகிறது. எரிகிறது. நான்காம் நாள் அணைந்திருந்தது. திருத்த அளவு 2 விழுக்காடு.

அந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் பட்டியல் நினைவுக்கு வந்தது. ஓர் இயந்திரமே இரண்டாவது பயணம்வரை காத்திருக்கிறது. நான் ஒரு தேர்வோடு எழுதிவிட்டேன். 19 என்பதும் ஒரு குறியீடுதான். எங்கே தேட வேண்டும் என்று சொல்லும். என்ன குறை என்று சொல்லாது.

அவனுடைய காலாண்டு விடைத்தாளை எடுத்து மீண்டும் படித்தேன். ஓம் விதிக் கணக்கின் விடை சரி. படிநிலைகளை எழுதாததால் மதிப்பெண் குறைந்திருந்தது. நெடுவினாக்கள் அனைத்தும் வெறுமையாக இருந்தன. மறுநாள் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியைத் தனியாக வாசிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தான். பத்தாம் வகுப்பு வரை இதை மறைத்து வந்திருக்கிறான். அறிவியல் அவனுக்குப் புரிகிறது. வாசிப்பதும் எழுதுவதுமே தடை. விடைகளை மனப்பாடம் செய்யச் சொன்ன நான் சென்சாரை மாற்றிக்கொண்டிருந்தேன்.

மாலைக் குழுவிலிருந்து அவனை எடுத்து, தமிழாசிரியரிடம் தினமும் அரை மணி நேரம் வாசிப்புக்கு அனுப்பினேன். அறிவியல் விடைகளை முதலில் வாயால் சொல்லவும், பிறகு தான் சொன்னதையே எழுதவும் வைத்தேன். அரையாண்டில் 34 எடுத்தான். தேர்ச்சிக்கு ஒரு மதிப்பெண் குறைவு. ஆனால் எந்த வினாவையும் வெறுமையாக விடவில்லை. திருப்புதல் தேர்வுகளுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

உங்கள் வகுப்பில் செய்ய

தொடக்க வகுப்புகள்: எஞ்சினை ஓட்டத் தேவையில்லை. டேஷ்போர்டு விளக்குகளின் படங்களைக் காட்டி, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று பேச வைக்கலாம். சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும்; மஞ்சள் எரிந்தால் விரைவில் கவனிக்க வேண்டும் என்ற வேறுபாடு போதும்.

6 முதல் 8 வரை: வெப்பநிலையை நேரத்துக்கு எதிராக வரைபடமாக்குதல். கோடு எங்கே தட்டையாகிறது, ஏன் என்று கேளுங்கள்.

9, 10: மின்தடையும் வெப்பநிலையும், காற்று–எரிபொருள் விகிதம், விழுக்காடு. தெர்மிஸ்டரும் மல்டிமீட்டரும் வெந்நீரும் இருந்தால் ஆய்வகத்திலேயே செய்யலாம், கார் வேண்டியதில்லை.

மேல்நிலை: கணினி அறிவியல் மாணவர்களுக்குப் பதினாறு நிலை எண்முறை, தொழிற்கல்வி மாணவர்களுக்குப் பழுதறிதல்.

கவனிக்க வேண்டியவை: கார் திறந்த வெளியிலேயே நிற்க வேண்டும், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்ற நச்சு. சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். எஞ்சினை நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் விசிறி திடீரெனச் சுழலலாம். செருகுவாய்க்குள் கம்பியோ மல்டிமீட்டர் முனையோ விடாதீர்கள். ஓட்டும்போது செயலியைப் பார்க்கக் கூடாது. வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றிவிடுங்கள். இல்லையெனில் பேட்டரி மெல்ல வடியும். முக்கியமாக, "அழி" என்னும் பொத்தானை யாரும் தொட வேண்டாம். அதற்கு முன் குறியீட்டையும் அந்த நொடியின் பதிவையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

வெடித்த அந்த ரப்பர் குழாயை ஆய்வக அலமாரியில் வைத்திருக்கிறேன். அதன் மேல் ஒட்டிய சீட்டில் பி0171 என்று எழுதியிருப்பது அந்த மாணவனின் கையெழுத்து.